பிளக் ஏன் கருக்கிறது?

டிவிஎஸ் 50 வைத்திருந்த வீட்டில் பிளக் ஸ்பேனர் இல்லாமல் இருக்காது. வண்டியின் பக்கத்துப் பெட்டியில் அது ஒன்று, பழைய துணி ஒன்று, உப்புத்தாள் ஒரு துண்டு, கையில் காசு இருந்த மாதமென்றால் மாற்று பிளக் ஒன்று. வளவனூரிலிருந்து மல்லாட்டை மூட்டையோடு விழுப்புரம் கமிட்டிக்குப் புறப்பட்டவர், கோலியனூர் அருகே வண்டி நின்றுபோனால் பதற மாட்டார். ஓரமாக நிறுத்துவார், பிளக்கைக் கழற்றுவார், நுனியைத் தேய்த்து ஊதி மாட்டிவிட்டுப் பெடலை மிதிப்பார். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிவிடும்.

இன்று அதே சாலையில் அதே மூட்டையோடு எக்ஸெல் 100 போகிறது. அதை ஓட்டுகிறவரிடம் பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வந்திருக்காது. பாரம் குறையவில்லை, தூசி குறையவில்லை. பிளக்கும் பெரிதாக மாறிவிடவில்லை: ஓர் இரும்புக் கூடு, நடுவே வெள்ளைப் பீங்கான், அதன் வழியே இறங்கும் கம்பி, கம்பிக்கு எதிரே வளைந்து நிற்கும் ஒரு கொக்கி. மாறியது இன்ஜின். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, அதன் வழிவந்த எக்ஸெல் சூப்பர் எல்லாம் டூ ஸ்ட்ரோக். 2015-இல் வந்த எக்ஸெல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். மாசு விதிகள் இறுக இறுக டூ ஸ்ட்ரோக் மொபெட் கடைகளிலிருந்து விடைபெற்றது. கூடவே பிளக் ஸ்பேனரும் போயிற்று.

ஒரு பிளக் எத்தனை நாள் உழைக்கும் என்பதை பிளக் கம்பெனி பாதிதான் தீர்மானிக்கிறது. மீதியைத் தீர்மானிப்பது அது குடியிருக்கும் இன்ஜின்.

முதலில் பிளக் எப்படித் தேய்கிறது என்று பார்ப்போம். நடுக்கம்பிக்கும் கொக்கிக்கும் இடையே உள்ள இடைவெளி மொபெட், பைக்குகளில் பெரும்பாலும் 0.6, 0.7 மி.மீ. அளவுதான். (பழைய மெக்கானிக்குகள் ஆக்ஸா பிளேடை அந்தச் சந்தில் நுழைத்துப் பார்ப்பார்கள். பிளேடின் தடிமன் ஏறத்தாழ 0.65 மி.மீ. என்பதால் இந்தக் குறுக்குவழி மோசமானதல்ல.) அந்தச் சந்தில் காற்றும் பெட்ரோல் ஆவியும் நெருக்கி அழுத்தப்பட்டு நிற்கின்றன. இரண்டுமே மின்சாரத்தை விடாதவை. அவற்றைப் பிளந்துகொண்டு பாய, பல ஆயிரம் வோல்ட் வேண்டும்; சுமை கூடினால் பத்தாயிரத்தைத் தாண்டும். பிளந்துகொண்டு பாயும் அந்தக் கணத்தில், பொறி ஓடும் தடம் சூரியனின் பரப்பைவிடச் சூடாக இருக்கும். ஒவ்வொரு பாய்ச்சலும் உலோகத்தின் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துளியை உருக்கி எடுத்துக்கொண்டு போகிறது. இது ஒரு தேய்மானம். சூடான எரிவாயுக்களில் நாள் முழுக்கக் குளித்து உலோகம் அரிக்கப்படுவது இன்னொன்று.

மின்சாரத்துக்குக் கூர்மையான விளிம்பு பிடிக்கும். புது பிளக்கின் நுனி வெட்டினாற்போல் இருப்பதால் பொறி எளிதில் கிளம்புகிறது. நுனி மழுங்கினால் அதே இடைவெளிக்கே கூடுதல் வோல்ட் வேண்டியிருக்கிறது. மழுங்குவதோடு இடைவெளியும் அகல்கிறது. ஒரு நாள், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலின் சக்தியை அந்தத் தேவை மிஞ்சிவிடும். அன்றைக்கு மேட்டில் ஏறும்போதோ ஆக்சிலேட்டரை முறுக்கும்போதோ வண்டி "மிஸ் அடிக்கும்".

எந்த இன்ஜினுக்கும் இது பொதுவான சாவு. டிவிஎஸ் 50-இன் பிளக் இப்படிச் செத்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. இந்த முதுமையை எட்டும் முன்பே அது போய்விடும்.

இதற்குப் பாடப்புத்தகங்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் ஒரு பொறி. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு முறைக்கு ஒன்று. நிமிடத்துக்கு 4,000 சுற்று என்று வைத்தால் அரை மணி நேர ஓட்டத்தில் டூ ஸ்ட்ரோக் பிளக் 1,20,000 பொறி விடும், ஃபோர் ஸ்ட்ரோக் பிளக்குக்கு 60,000 போதும். இருமடங்கு உழைப்பு, பாதி ஆயுள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் பல ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளில் நடப்பது வேறு. பொறி எப்போது விட வேண்டும் என்பதை கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் காந்தச் சக்கரத்தைப் பார்த்துத்தான் இக்னிஷன் தெரிந்துகொள்கிறது. பிஸ்டன் மேலே வருகிறது என்பது அதற்குத் தெரியும். வருவது பெட்ரோலை அழுத்திக்கொண்டா, எரிந்த புகையைத் தள்ளிக்கொண்டா என்பது தெரியாது. ஆகவே இரண்டு முறையும் பொறி விட்டுவிடுகிறது. புகையில் விழும் பொறி வீண் பொறி. எண்ணிக்கையைப் பார்த்தால் இந்த பைக்கும் பழைய டிவிஎஸ் 50-யும் சுற்றுக்கு ஒன்று என்று சமம்தான். வீண் பொறி அழுத்தம் குறைந்த இடத்தில் பாய்வதால் குறைந்த வோல்ட்டே போதும், தேய்மானமும் குறைவு என்பது உண்மை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஒரு பிளக் சில வாரங்களில் நின்றுபோவதற்கும் இன்னொன்று ஓராண்டுக்கு மேல் ஓடுவதற்கும் இந்தக் கணக்கு ஈடாகாது.

எண்ணெயைச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேக்கி வைக்கத் தனி இடம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் அது இல்லை. பெட்ரோல் ஆவி மேலே போவதே அந்த அடிப்பகுதி வழியாகத்தான். எனவே பெட்ரோலோடேயே ஆயிலைக் கலந்து அனுப்ப வேண்டும். பங்க்கில் "ஒரு லிட்டர், ஆயிலோட" என்று கேட்டு வாங்கிய நினைவு நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இருக்கும். லிட்டருக்கு 20 மில்லி என்பது பரவலான அளவு. அளந்து ஊற்றியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். இன்ஜின் சீஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் கூடுதலாக ஊற்றியவர்களே மிகுதி. அந்த ஆயில் தாங்கிகளை வழுக்கவைத்துவிட்டு மேலே போய் பெட்ரோலோடு எரிகிறது. முழுதாக எரிவதில்லை. எரியாதது பாதி வால் போன்ற நீலப்புகையாகப் பின்னால் போகிறது; மீதி கரியும் சாம்பலுமாக பிஸ்டன் தலையிலும், சைலன்சரிலும், பிளக் நுனியிலும் படிகிறது.

கரி பிளக்கை இரண்டு விதமாகக் கொல்லும். சிறு கரித்துகள் ஒன்று நடுக்கம்பிக்கும் கொக்கிக்கும் பாலம் போட்டு உட்கார்ந்துவிட்டால் மின்சாரம் அதன் வழியே நடந்து போய்விடும். குதிக்க வேண்டிய தேவையே இல்லை, பொறியும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று நிற்பது இதனால்தான். தேய்த்து ஊதியதும் கிளம்புவதும் இதனால்தான்.

மற்றது மெதுவான சாவு. வெள்ளைப் பீங்கான் மூக்கின் மேல் கரி மெல்லிய பூச்சாகப் படிகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். காயிலிலிருந்து வரும் மின்னழுத்தம் ஏறுவதற்குள் கரிப்பூச்சின் வழியே கூட்டுக்குக் கசிந்து இறங்கிவிடுகிறது. இந்த நிலையில்தான் மெக்கானிக் கடையில் அந்தப் பழகிய உரையாடல் நடக்கும்.

"பொறி நல்லாத்தான் வருதுண்ணா, வண்டிதான் எடுக்க மாட்டேங்குது."

"வெளிய வரும் தம்பி, உள்ள வராது. புதுசு போடு."

அண்ணன் சொல்வது விற்பனைப் பேச்சல்ல, இயற்பியல். பிளக்கைக் கழற்றி சிலிண்டர் தலையில் சாய்த்து வைத்துப் பெடலை மிதிக்கும்போது பொறி பாய்வது சாதாரணக் காற்றில். அதற்குச் சில ஆயிரம் வோல்ட் போதும். கசிவு போக மிஞ்சுவதே அதற்குக் காணும். சிலிண்டருக்குள் அதே காற்று பல மடங்கு நெருக்கமாக இருக்கிறது. நெருக்கம் கூடக்கூட, பிளந்து பாய வேண்டிய வோல்ட்டும் கூடுகிறது. அந்த உயரத்துக்கு ஏற கசிவு விடாது. ஆகவே வெளியே பொறி வருவது பிளக் நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது. காயில் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சான்று.

டூ ஸ்ட்ரோக் பிளக்குக்கு இதற்கு நேர்மாறான ஒரு தொல்லையும் உண்டு. பிளக்கின் பீங்கான் மூக்கு சுமார் 450, 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால் தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரியை நெருங்கித் தாண்டினால் மூக்கே கொள்ளியாகி, பொறி வரும் முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவதுவரை அது போகும். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே பிளக் வாழ வேண்டும். கடைத்தெருவுக்கும் வயலுக்குமாக நின்று நின்று போகிற வண்டியில் மூக்கு சூடேறுவதில்லை, கரி சேர்கிறது. அதே வண்டியில் மூன்று கரும்புக்கட்டை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஏறினால், ஓய்வுச் சுற்றே இல்லாத டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றும் தீ. வேகம் குறைவு என்பதால் முகத்தில் அடிக்கும் காற்றும் இல்லை. மூக்கு வெளுத்துப் பொரிகிறது. காலையில் ஒரு தொல்லை, மாலையில் இன்னொன்று. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம்வரை நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டிப் போன வண்டியின் பிளக்கைக் கழற்றினால் அது சுத்தமாக இருப்பதற்கும் காரணம் இந்தச் சூட்டுக் கணக்குதான்.

எந்த இன்ஜினுக்கு எவ்வளவு சூட்டைத் தேக்கும் பிளக் என்பதைப் பீங்கான் மூக்கின் நீளத்தால் அமைக்கிறார்கள். மூக்கு நீண்டால் சூடு வெளியேறும் வழி நீளும். அது சூடான பிளக். குட்டையானால் குளிர்ந்த பிளக். பிளக்கின் மேல் எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் எண் இதைத்தான் சொல்கிறது. இதில் ஒரு பொறி இருக்கிறது, நான் சொல்வது கண்ணி என்ற பொருளில். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்தது. பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் சூடானது. நம் ஊரில் நெடுங்காலம் பிளக் என்றால் மைக்கோதான். 1951-இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப்பெயர் அது, 2008-இல் பாஷ் என்றே பெயரை மாற்றிக்கொண்டது. மைக்கோ எண்ணில் பழகிய கை, என்ஜிகே டப்பாவிலும் அதே கணக்கைப் போட்டால் நேர்மாறான பிளக்கைத்தான் எடுக்கும். "மரை சரியா இருக்கு, மாட்டு" என்பது போதாது.

இப்போது ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வருவோம். இங்கே ஆயில் பிஸ்டனுக்குக் கீழே இருக்க வேண்டும், மேலே வர அதற்கு உரிமை இல்லை. பிளக் நுனி காப்பித்தூள் நிறத்திலோ வெளிர்ச் சாம்பலாகவோ இருந்தால் எல்லாம் ஒழுங்கு. எனவே டூ ஸ்ட்ரோக்கில் கருத்த பிளக் அன்றாடம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கருத்த பிளக் ஒரு செய்தி. உலர்ந்த, துணியில் ஒட்டும் கரியானால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் முழுதாகத் திரும்பாமல் இருக்கலாம். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டுத் தூசியில் ஓடும் வண்டிகளில் ஃபில்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஈரமாக, ஆயில் வழுவழுப்போடு கருத்திருந்தால் பிஸ்டன் ரிங்கு தேய்ந்திருக்கிறது அல்லது வால்வு சீல் போயிருக்கிறது. அங்கே பிளக்கை மாற்றுவது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுவதுதான். நான் பார்த்தவரை மிகுதியாக வீணாகும் பணம் இந்த இடத்தில்தான்: மாதம் ஒரு பிளக் வாங்கிப் போடுவார்கள், ரிங்கை ஆறு மாதம் தள்ளிப்போடுவார்கள்.

இப்போதைய பெட்ரோல் இன்னொரு விஷயத்தைச் சேர்த்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனாலில் ஒரு பகுதி கரும்பின் வழி வருவது; முண்டியம்பாக்கம் ஆலைக்கு லாரி லாரியாகக் கரும்பு அனுப்பும் மாவட்டத்துக்கு இது அந்நியமல்ல. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. பழைய கார்பரேட்டர் வண்டிக்கு அது தெரியாது. வழக்கமான அளவே ஊற்றும், கலவை மெலியும், பிளக் வழக்கத்தைவிட வெளிறித் தெரியும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு எக்ஸெல் 100 உட்பட பெரும்பாலான மொபெட், பைக்குகள் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. புகையில் உள்ள ஆக்சிஜனை அளந்து கலவையைத் திருத்திக்கொள்ளும் சென்சார் இருக்கும் வண்டியில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. பிளக் மிஸ் அடித்தால் எரியாத பெட்ரோல் சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். கன்வெர்ட்டர் கெட்டால் செலவு ஆயிரங்களில். நிற்கும்வரை ஓட்டிவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்ற டிவிஎஸ் 50 காலத்துப் பழக்கம் இங்கே செல்லாது.

வளவனூரைச் சுற்றி ஓடும் மற்ற இன்ஜின்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். கிணற்று மேட்டில் தடதடக்கும் ஆயில் இன்ஜின் டீசலில் ஓடுவது. அதில் பிளக்கே கிடையாது. காற்றை அவ்வளவு அழுத்தினால் அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். பெட்ரோலில் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய பம்புசெட்டுக்கு பிளக் உண்டு, அதன் பாடு பரிதாபம். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை, புகைக்கரி மிகுதி. அணைக்கும் முன் சிறிது நேரம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டினால் அடுத்த முறை எடுக்கும். முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர்களில் பலவும் புல் வெட்டும் மிஷின்களும் இன்னமும் டூ ஸ்ட்ரோக். போன போகத்தில் மூலையில் சாத்தியது இந்தப் போகத்தில் எடுக்க மறுத்தால், கார்பரேட்டரில் கைவைக்கும் முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

எல்பிஜி ஆட்டோவில் கரி என்ற பேச்சே இல்லை. நுனி பளிச்சென்று இருக்கும். ஆனால் பிளக் சீக்கிரம் தேய்கிறது. கேஸ் கலவையைப் பிளந்து பாயக் கூடுதல் வோல்ட் வேண்டும்; திரவ பெட்ரோல் ஆவியாகும்போது தரும் குளிர்ச்சியும் இல்லை. அதனால் இடைவெளியைச் சற்றுக் குறுக்கி வைப்பதும், பெட்ரோல் வண்டியைவிட முந்தி மாற்றுவதும் வழக்கம். பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால் காயில் எரியும்.

2003-இல் பல்சர் டிடிஎஸ்-ஐ வந்ததும் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக் என்பது ஊர்களுக்கெல்லாம் பழகியது. இரண்டு பக்கமிருந்தும் தீ பரவினால் கலவை விரைவாக எரிந்து முடியும். இதில் உள்ள குறும்பு, ஒன்று செத்தாலும் வண்டி நிற்காது என்பது. இழுவை குறையும், மைலேஜ் குறையும், ஓட்டுகிறவர் பெட்ரோலைத் திட்டுவார். மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

கார்களில் கதை இன்னும் விலையேறியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 2019-இல் வந்த ஹூண்டாய் வென்யூ போன்றவற்றில் ஒரு லிட்டர் டர்போ இன்ஜின் இருக்கிறது. டர்போ காற்றைத் திணித்து அனுப்புவதால் பொறி பாய வேண்டிய இடத்தில் நெருக்கம் மிக அதிகம். சாதாரண நிக்கல் நுனி அங்கே நீடிக்காது. நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. எளிதில் உருகாத உலோகத்தை 0.4, 0.6 மி.மீ. ஊசியாக மெலியவைக்கலாம், ஊசி நுனியில் குறைந்த வோல்ட்டிலேயே பொறி கிளம்பும். அதனால் நிக்கல் பிளக் சில பத்தாயிரம் கிலோமீட்டரில் முடியும் இடத்தில் இரிடியம் லட்சத்தைத் தொடுகிறது. இதைக் கேட்டுவிட்டுப் பழைய எக்ஸெல் சூப்பருக்கும் இரிடியம் கேட்கிறவர்கள் உண்டு. அங்கே பிளக் தேய்ந்து சாகவில்லை, கரியில் மூழ்கிச் சாகிறது. விலை உயர்ந்த பிளக்கும் அதே கரியில்தான் மூழ்கும்.

மாற்றும் கணக்குக்கு வண்டியோடு தந்த கையேட்டை நம்புங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கு அது பெரும்பாலும் 10,000 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். டூ ஸ்ட்ரோக்குக்கு அதில் பாதியைக்கூட எதிர்பார்க்க வேண்டாம். உப்புத்தாளை வழியில் நின்றுபோன அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: அதன் மணல் பீங்கானைச் சுற்றிய குழியில் தங்கும், கீறலில் கரி இன்னும் வேகமாக ஒட்டும். இரிடியம் நுனியைத் தேய்க்கவோ தட்டி வளைக்கவோ கூடாது, ஒடிந்துவிடும். இன்ஜின் ஆறிய பிறகு, முதல் சில சுற்றைக் கையாலேயே ஏற்றி, கடைசியில்தான் ஸ்பேனர். அலுமினியத் தலையில் மரை போனால் லேத்து பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த முறை மெக்கானிக் பிளக்கை மாற்றும்போது பழையதைக் குப்பையில் போட விடாதீர்கள். கேட்டு வாங்கி வெளிச்சத்தில் நுனியைப் பாருங்கள். உங்கள் வண்டி ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்து, நுனியில் ஆயில் ஈரம் தெரிந்தால், புது பிளக்குக்குப் பணம் கொடுக்கும் முன் ரிங்கையும் வால்வு சீலையும் பார்க்கச் சொல்லுங்கள்.